கோடு போடுவது யார்? பெயர் கெடுப்பது யார்?



"அந்த ஸ்கூலா? அங்கேயா புள்ளையச் சேர்க்கப் போறீங்க? வேற எடமே கெடைக்கலையா?"

இந்தப் பேச்சு கேட்காத கடைத்தெரு உண்டா? கல்யாண வீட்டுப் பந்தியிலும், ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும் நேரத்திலும், மே மாதம் பிறந்துவிட்டால் இதே பேச்சுத்தான். பேசுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நீங்கள் கடைசியாகக் கால் வைத்தது எப்போது? அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்? போன வருடம் பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள்? பதில் வராது. "எல்லாரும் சொல்றாங்க பாய்" என்பதுதான் வரும்.

எல்லாரும் சொல்கிறார்கள்! இந்த ஒரு வாக்கியம் போதும், ஒரு பள்ளிக்கூடத்தைக் குழிதோண்டிப் புதைக்க. கற்பனையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 60 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கதை நடந்து வருகிறது. அங்கே பெயர் கெடுக்கப்பட்ட பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் நம் சமுதாயத்துப் பிள்ளைகள்! அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் நம் தெருவில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது விளங்கும்.

எல்லைக்கோடு என்ற ஆயுதம்

இங்கிலாந்தின் பல ஊர்களில் அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு எல்லை உண்டு. இந்த இந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் முன்னுரிமை என்று வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். இருக்கும் இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமாகிவிட்டால், எல்லைக்குள் இருப்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும்தான் இடம். அதனால் நல்ல பெயருள்ள பள்ளிக்கூடத்தைச் சுற்றி வீட்டு விலை ஏறும். அந்த விலையைக் கொடுக்க முடியாதவர் கோட்டுக்கு வெளியே நிற்பார்.

இந்தக் கோட்டை நான்கு தெரு தள்ளிப் போடப் போகிறோம் என்று நகராட்சி அறிவித்தால் போதும், பெற்றோர் கொதித்து எழுவார்கள். கூட்டம் போடுவார்கள், மனு கொடுப்பார்கள், வழக்குப் போடுவார்கள். தூரம் என்பார்கள். சாலையைக் கடக்க வேண்டும் என்பார்கள். ஒழுக்கம் இல்லை, தேர்ச்சி இல்லை என்பார்கள். இவற்றில் நியாயமானதும் உண்டு, மறுக்கவில்லை. பிள்ளையைப் பெற்றவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்துக்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

1963: பேருந்தில் ஏற்றப்பட்ட பிள்ளைகள்

லண்டனுக்கு மேற்கே சவுத்தால் என்ற ஊர். பஞ்சாபிலிருந்து போன தொழிலாளர்கள், பெரும்பாலும் சீக்கியர்கள், அங்கே குடியேறியிருந்தார்கள். ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் பெருகியதும் வெள்ளைக்காரப் பெற்றோர் போராட்டத்தில் இறங்கினார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு கேட்டார்கள். 1963 அக்டோபரில் அன்றைய கல்வி அமைச்சர் எட்வர்ட் பாயில் நேரில் வந்தார். தனி வகுப்பு தர முடியாது என்று மறுத்தார். அது சரி. அதற்குப் பதிலாக அவர் சொன்ன வழி என்ன? எந்தப் பள்ளிக்கூடத்திலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மீதிப் பேரை வேறு ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும்.

1965-ல் அது அரசின் சுற்றறிக்கையாகவே வெளிவந்தது. சவுத்தால் அடங்கிய ஈலிங்கிலும், பாகிஸ்தானியர்கள் நிறைந்த பிராட்ஃபோர்டிலும் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளைக் காலையில் பேருந்தில் ஏற்றித் தூரத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 1980 வரை இது நடந்தது.

கவனியுங்கள் சகோதரர்களே! கலந்து படிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் இரு தரப்புப் பிள்ளைகளும் அல்லவா பயணம் செய்திருக்க வேண்டும்? வெள்ளைக்காரப் பிள்ளைகளை யாரும் பேருந்தில் ஏற்றவில்லை. தெருவிலுள்ள பள்ளிக்கூடத்தை இழந்தது ஒரு தரப்பு மட்டுமே. 'உங்கள் எண்ணிக்கைதான் பிரச்சினை' என்று பச்சைப் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் சொல்லிக் கொடுத்த ஏற்பாடு அது!

1987: மதுக்கடையில் நடந்த வகுப்பு

அடுத்து டியூஸ்பரி. வடக்கு இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் நிறைந்திருந்த ஊர். குஜராத்தின் பரூச், சூரத் பகுதிகளிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போன முஸ்லிம்கள் ஆலைகளில் வேலை பார்த்து அங்கேயே நிலைத்தார்கள். ஹெட்ஃபீல்ட் என்ற பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பிள்ளைகளே பெரும்பான்மை.

1987 செப்டம்பரில் 26 வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நகராட்சி அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் ஒதுக்கியது. பெற்றோர் அனுப்ப மறுத்தார்கள். தாங்கள் கேட்ட வேறு பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்றார்கள். அது நிறைந்துவிட்டது என்றது நகராட்சி. அதற்காக அந்தப் பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மதுக்கடையில் அறை பிடித்து, ஓய்வுபெற்ற ஆசிரியரை வைத்து, அந்தக் கல்வியாண்டு முழுவதும் பிள்ளைகளுக்கு அங்கேயே வகுப்பு நடத்தினார்கள்! நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்வதைவிட மதுக்கடை மேல் என்று பட்டிருக்கிறது!

எங்களுக்கு இனவெறி கிடையாது, எங்கள் கலாச்சாரத்தில் எங்கள் பிள்ளைகள் வளர வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர்களுடைய வாதம். ஹெட்ஃபீல்ட் யாருடைய பெயரில் நடந்த பள்ளிக்கூடம்? இங்கிலாந்துத் திருச்சபையின் பெயரில்! பாடத்திட்டமும் அரசும் மொழியும் அவர்களுடையவை. மாறியிருந்தது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் நிறமும் பெயரும் மட்டுமே.

1988-ல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, சேர்க்கை விதிகளை வெளியிட்டதில் நகராட்சி செய்திருந்த நடைமுறைக் குறை பெற்றோருக்குச் சாதகமானது. அவர்கள் வென்றார்கள். இதே காலத்தில் கிளீவ்லாந்து பகுதியிலும் ஒரு வழக்கு. ஆசியப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடத்திலிருந்து தன் பிள்ளையை மாற்றக் கேட்டார் ஒரு தாய். காரணம் இனம் சார்ந்ததாகவே இருந்தாலும் பெற்றோர் விருப்பத்தை நிறைவேற்றியாக வேண்டும் என்ற அரசின் நிலையை 1991-ல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

விருப்பம்! எவ்வளவு இனிமையான சொல்! கையில் காசும் காரும் உள்ளவனின் விருப்பம் சட்டமாகிறது. பேருந்துக்குக் காசில்லாத தாயின் விருப்பத்தை எந்த நீதிமன்றம் கேட்டது?

2001: அறுவடை

ஒரே ஊருக்குள் இரண்டு ஊர். இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒருவன் வீட்டு வாசலை இன்னொருவன் மிதித்ததில்லை. இப்படி ஒரு தலைமுறை வளர்ந்தால் என்ன ஆகும்?

2001 மே மாதம் ஓல்டாம் எரிந்தது. ஜூனில் பர்ன்லி, ஜூலையில் பிராட்ஃபோர்டு. இனவெறிக் கும்பல்கள் தூண்டிவிட்டன, ஆலைகள் மூடி வேலை போயிருந்தது, காவல்துறை மீது கோபம் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அரசு அமைத்த டெட் கான்டில் குழு அந்த ஆண்டு டிசம்பரில் கொடுத்த அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அந்த ஊர்களில் மக்கள் ஒருவரையொருவர் தொடாத இரு தண்டவாளங்களைப் போல வாழ்கிறார்கள், வீடும் பள்ளிக்கூடமும் தனித்தனி, அறிமுகமே இல்லாத இடத்தில் அச்சம் வளர்கிறது என்பதுதான் அதன் சாரம்.

வெள்ளைக்காரப் பெற்றோர் வீட்டை விற்று வெளியேறியபோது அதற்கு விருப்ப உரிமை என்று பெயர். அவர்கள் விட்டுப்போன இடத்தில் மிஞ்சிய முஸ்லிம்களைப் பார்த்து, நீங்கள்தான் ஒதுங்கி வாழ்கிறீர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். ஓடியவன் நல்லவன், நின்றவன் குற்றவாளி. என்ன நியாயம் இது?

2010: சேர்ந்து உட்கார்ந்தபோது

பாடம் கற்றவர்களும் இருந்தார்கள். ஓல்டாமில் பிரீஸ் ஹில் என்ற பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் ஆசியப் பிள்ளைகள், கவுன்ட்ஹில் என்ற பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். 2010-ல் இரண்டையும் மூடிவிட்டு, இரு தரப்பையும் சேர்த்து வாட்டர்ஹெட் அகாடமி என்ற ஒரே பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். 2012-ல் புதுக் கட்டடம் வந்தது. அடிதடி நடக்கும், படிப்பு கெடும் என்று இரு பக்கப் பெற்றோருக்குமே பயம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மனவியல் பேராசிரியர் மைல்ஸ் ஹியூஸ்டனின் குழு அந்த மாணவர்களைத் தொடர்ந்து ஆய்வு செய்தது. அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெரும்பாலும் அவரவர் கூட்டம் அவரவரோடுதான். ஆனாலும் பதற்றம் குறைந்தது, ஒருவர் மீது ஒருவர் வைத்திருந்த எண்ணம் மெல்ல மெல்ல மாறியது. ஒரே வகுப்பில், ஒரே விளையாட்டுத் திடலில் இருந்ததால் வந்த மாற்றம் அது. ஆயிரம் நல்லிணக்க மாநாடு போட்டாலும் கிடைக்காத ஒன்று வருகைப் பதிவேட்டில் கிடைத்திருக்கிறது!

2014: ஒரு மொட்டைக் கடிதம் செய்த வேலை

பெயர் கெடுப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பர்மிங்காமில் ஆலம் ராக் பகுதி. அங்கே பார்க் வியூ பள்ளிக்கூடம். மாணவர்களில் ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்கள். பெரும்பாலோர் ஏழைகள், இலவச மதிய உணவுக்குத் தகுதியானவர்கள். 1990களில் மிகவும் பின்தங்கிக் கிடந்த அந்தப் பள்ளிக்கூடம் ஆசிரியர்களின் உழைப்பாலும் பெற்றோரின் ஒத்துழைப்பாலும் எழுந்து நின்றது. நான்கில் மூன்று பேர் நல்ல தேர்ச்சி பெறும் நிலைக்கு வந்தது. 2012-ல் அரசின் ஆய்வுத் துறை 'மிகச் சிறப்பு' என்ற உயர்ந்த தரத்தைக் கொடுத்தது. தலைமை ஆய்வாளரே நேரில் வந்து பாராட்டினார்.

2013 கடைசியில் பர்மிங்காம் மாநகராட்சிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. முஸ்லிம்கள் திட்டமிட்டுப் பள்ளிக்கூடங்களைக் கைப்பற்றுகிறார்கள் என்று சொன்னது. 2014 மார்ச்சில் பத்திரிகைகள் அதைப் பற்ற வைத்தன. அந்தக் கடிதமே போலி என்று பரவலாகக் கருதப்பட்டது, எழுதியவர் யார் என்று இன்றுவரை அதிகாரபூர்வமாகத் தெரியவில்லை. அதனால் என்ன? 21 பள்ளிக்கூடங்களில் ஆய்வு! கல்விப் பிரச்சினையை விசாரிக்க யாரை நியமித்தார்கள்? பயங்கரவாதத் தடுப்புப் போலீசின் முன்னாள் தலைவரை! இரண்டே ஆண்டுக்கு முன் 'மிகச் சிறப்பு' என்று இருந்த பார்க் வியூ, 2014 ஜூனில் 'தகுதியற்றது' ஆகிவிட்டது.

நியாயமாகப் பேசுவோம். அங்கே குறைகள் இருந்தன. நிர்வாகத்தில் வரம்பு மீறல்கள் நடந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. ஆசிரியர்கள் சிலர் வாட்ஸ்அப் குழுவில் பேசியிருந்த பேச்சு கண்டிக்கத்தக்கது. தவறு செய்தவர்களைத் திருத்தலாம், நீக்கலாம். ஆனால் கடிதம் சொன்ன பெரும் சதி எங்கே? ஒரே ஒரு தனிச் சம்பவம் தவிர தீவிரவாதத்துக்கு ஆதாரம் இல்லை, தொடர்ச்சியான சதி என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கல்விக் குழு 2015 மார்ச்சில் சொன்னது. மூத்த ஆசிரியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்கு, ஆவணங்களை முறையாக வெளிப்படுத்தவில்லை என்பதால் 2017 மே மாதம் கைவிடப்பட்டது.

அதற்குள் பள்ளிக்கூடத்தின் பெயரே மாற்றப்பட்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதவே பிள்ளைகள் தயங்க வேண்டிய நிலை. ஏறி வர இருபது ஆண்டு. இடித்துத் தள்ள ஒரே கடிதம்!

இப்போது நம் தெருவுக்கு வருவோம்

படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறீர்கள். வெள்ளைக்காரனின் அநியாயத்தைப் பாருங்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

டியூஸ்பரிப் பெற்றோர் தேடிய சாக்கும், நம் கடைத்தெருவில் நாம் சொல்லும் சாக்கும் எவ்வளவு வித்தியாசம்? "அங்க கண்ட புள்ளைங்க வருது." "பேச்சே சரியில்ல." "நம்ம அந்தஸ்துக்குச் சரிப்படாது." மஹல்லாவின் ஏழைப் பிள்ளைகளும், அருந்ததியர் காலனிப் பிள்ளைகளும், வடநாட்டுத் தொழிலாளியின் பிள்ளைகளும் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தானே இந்தப் பேச்சு? அங்கே நம்மைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இங்கே நாம் யாரைப் பார்த்துச் சுளிக்கிறோம்?

இங்கிலாந்தில் நகராட்சி கோடு போடுகிறது. நம் ஊரில் அந்த வேலையை மஞ்சள் வேன் செய்கிறது. காலை ஏழரைக்கு வந்து, காசுள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறது. வேன் நிற்கும் வீடு, நிற்காத வீடு. இதுதான் நம் எல்லைக்கோடு!

வியாபாரிகளே, கணக்குப் பாருங்கள். சரக்கு எடுக்கப் போனால் சாக்கை அவிழ்த்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்குவீர்களா? பக்கத்துக் கடைக்காரர் மட்டம் என்று சொன்னார் என்பதற்காகப் பார்க்காமலே விடுவீர்களா? பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இருக்கும் நிதானம் பெற்ற பிள்ளையின் பத்து வருடப் படிப்புக்கு இல்லையே! ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதை மிம்பரில் கேட்டுவிட்டு, வாசலில் வந்து ஊர்ப்பேச்சை அப்படியே விழுங்குவது முறையா?

உங்கள் கேள்வி எனக்குத் தெரியும். "பள்ளிக்கூடம் நெஜமாவே மோசமா இருந்தா? ஊர் திருந்தணும்னு என் புள்ளையப் பலி கொடுக்கணுமா?" நியாயமான கேள்வி. யாரையும் பலி கொடுக்கச் சொல்லவில்லை. கணக்கு ஆசிரியர் இல்லையா, கழிப்பறை இல்லையா, சுற்றுச்சுவர் இல்லையா, முதலில் உள்ளே போய்ப் பாருங்கள். பிறகு, அது ஏன் அப்படி ஆனது என்று யோசியுங்கள்.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிக்கூட ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி கணக்கெடுப்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் 'உபரி'. பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். பத்து வசதியான குடும்பங்கள் விலகினால் குறைவது பத்து பிள்ளைகள் மட்டுமா? அதிகாரியிடம் போய்க் கேட்கத் தெரிந்த பத்து தகப்பன்மார் போய்விடுகிறார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் ஓடு உடைந்தால் உடைந்தபடி கிடக்கும். அதைக் காட்டி அடுத்த இருபது பேர் போவார்கள். பெயர் கெட்டதால் நாம் விலகினோமா, நாம் விலகியதால் பெயர் கெட்டதா? சிந்திக்க வேண்டாமா?

கடைசியில் மிஞ்சுவது யார்? வேன் கட்டணம் கட்ட முடியாத விதவைத் தாயின் மகள். பக்கத்துப் பள்ளிக்கூடம் நலிந்துபோனால் அவள் தூரத்துக்குப் போகமாட்டாள். வீட்டில் உட்காருவாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. அரசுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு இவையெல்லாம் எட்டாக் கனிதானே!

செய்ய வேண்டியது என்ன?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஓர் அதிகாரத்தை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். சங்கத் தேர்தலுக்கு அணி திரட்டும் சமுதாயமே, இந்தக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறீர்கள்? கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் குழுவாக அதை விட்டுவைத்தது யார்? பெண்களை அனுப்புங்கள், தீர்மானம் போடுங்கள், காலிப் பணியிடத்தை எழுத்தில் கேளுங்கள்.

மஹல்லா நிர்வாகிகளே! சேர்க்கைக் காலத்தில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரைச் சந்தியுங்கள். தேர்ச்சி விவரத்தை வாங்கி ஜும்ஆவுக்குப் பின் அறிவியுங்கள். நல்லதோ கெட்டதோ, உள்ளதைச் சொல்லுங்கள். வதந்திக்கு மருந்து விவரம்தான்.

வியாபாரிகளே! அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு உதவ 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. வருடாவருடம் வேனுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு போதும், ஆய்வகமும் நூலகமும் எழும்பும். தனியாகச் சேர்க்கப் பயமா? பத்துக் குடும்பம் பேசி ஒன்றாகச் சேருங்கள். பத்துத் தகப்பன்மார் வாசலில் நின்றால் எந்த அதிகாரியும் திரும்பிப் பார்ப்பார்.

இளைஞர்களே! நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல ஏன் கூச்சப்படுகிறீர்கள்? மாலையில் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள். மார்க்கம், சாதி பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் கலவர நாளில் கல்லெடுக்க யோசிப்பான். ஓல்டாமுக்கு அது 2001-ல் தெரியவில்லை. நமக்கு இப்போதே தெரியும்.

ஆகஸ்ட் 1 வரும். அதிகாரிகள் வருகைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுப் பிள்ளை இருக்குமா?